பலகையில் படுத்த ஆஸியா உம்மா

அக்குறணையில் ஆஸியா உம்மாவை மௌத்துக்கு அழைக்காத வீடில்லை. வேறொன்றுக்கு அழைத்த வீடுமில்லை. தவளக்கார மஹ்மூதின் கடைசி மகள் அவர். கட்டிய முஹைதீனும் மாமனாரைப் போலவே தோட்டத்துக் கோப்பியை மாடுகளில் பொதியேற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனவர்தான். வாந்திபேதி கண்டு வழியிலேயே மௌத்தாகிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. அதற்குப் பிறகு ஊரில் எந்தப் பெண் கண்ணை மூடினாலும், மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியது இவர்தான். மௌத்து வீட்டுக்கு அந்தக் கை வேண்டும். கலியாண வீட்டுச் சோற்றில் அந்தக் கை படக்கூடாது. முப்பது வருஷம் இப்படியே போயிற்று.

அந்த மாரியில் வலது கை நடுங்கத் தொடங்கியது. நாளைக்குத் தன்னைக் குளிப்பாட்ட ஊரில் ஒருத்தியும் இல்லையே என்ற பயம் அப்போதுதான் பிடித்தது. பள்ளிவாசல் லெப்பையிடம் சொல்லி, இந்த வேலையைப் பழகப் பெண்களை வரச் சொன்னார். வந்தது இரண்டே பேர்: அனீஸாவும் அவளுடைய மச்சி றலியாவும்.

முதலில் வாழைத்தண்டைக் கிடத்திக் காட்டினார்.

"இதுக்குத் தல எது, கால் எது உம்மா?" என்று கேட்டாள் றலியா.

"அப்ப நானே படுக்குறன்."

உடுத்த உடுப்போடு, மையித்துக் குளிப்பாட்டும் பலகையில் நீட்டிப் படுத்தார். மேலே துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.

"வலப்பக்கம் மொதல்ல. துணிக்கு மேலால ஊத்துங்க. ஒத்தப்படையா ஊத்தோணும்."

அனீஸா வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். "சுடுதா உம்மா?"

"மையித்துக்கிட்டக் கேட்டா யாருடீ பதில் சொல்ற?"

"நீங்க சொல்லிட்டீங்களே!" றலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு சிரிப்பு அடங்கியது. ஒருத்தி தோளைத் தாங்கி இடப்பக்கம் சரித்தாள். மற்றவள் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். கொண்டையை அவிழ்த்துச் சிக்கெடுத்து, மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் விட்டார்கள். முஹைதீன் போன நாளிலிருந்து ஆஸியா உம்மாவை ஒருவரும் தொட்டதில்லை. சலாம் சொல்பவர்களும் எட்ட நின்றே சொல்வார்கள்.

"சரியா உம்மா?" என்றாள் அனீஸா.

பிழை சொல்ல ஒன்றுமில்லை. இனித் தன் மையித்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஈரத்தைப் பிழிந்துகொண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

"சரியில்ல," என்றார், கண்ணைத் திறக்காமல். "மொதல்ல இருந்து செய்ங்க."