பேட்டி கொடுக்கத் தெரியாத மேனேஜர்

கல்யாண மண்டபத்தில் என்னைத் தேட வேண்டுமென்றால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தேட வேண்டும் என்பாள் என் மனைவி. உண்மைதான். ஈரக் கையோடு இருப்பவர்கள் நின்று பேச மாட்டார்கள். ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது போதும்.

பத்தாவது முடித்த கையோடு சிதம்பரத்தில் ஒரு பைப் கடையில் சேர்ந்தேன். வீடு கடலூர் முதுநகரில். தினமும் பஸ். கடையில் அதிகம் பேச வேண்டியதில்லை. எல்போ கேட்பார்கள், வால்வு கேட்பார்கள், எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. தலைமுடி நரைக்கிற வரைக்கும் அப்படியே ஓட்டிவிட்டேன்.

இப்படிப்பட்ட என்னை ஒரு கால்பந்து அணிக்கு மேனேஜராக்கியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. வளைகுடா நாட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்குத்தான் போன் செய்வான். எனக்குக் கால்பந்தில் ஆசை உண்டு என்பது அவனுக்குத் தெரியும். எங்கள் கோயில் மைதானத்தில் மேட்ச் நடந்தால் கடைசி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஆடியதில்லை. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

"மாமா, இன்டர்நெட்ல ஒரு லீக் இருக்கு. நானும் ஒரு டீம் வச்சிருக்கேன். இன்னொரு டீம் ஆள் இல்லாம கெடக்கு. எடுத்துக்கிறீங்களா?" என்றான்.

"எனக்கு என்னா ஆடத் தெரியும்?"

"யாரும் ஆட வேணாம் மாமா. கம்ப்யூட்டரே ஆடிக்கும். நீங்க பதினோரு பேரப் பாத்துப் போட்டு அனுப்பினா போதும்."

"யார்கிட்டயாவது பேசணுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

கடைசியாகச் சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தது.

அந்த லீக்கில் இருந்த மேனேஜர்கள் நிஜமான மனிதர்கள். எந்தெந்த ஊரிலோ இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் மட்டும் கம்ப்யூட்டர் உண்டாக்கியவர்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர், ஒரு வயது, ஓட்டத்துக்கும் உதைக்கும் தனித்தனி மார்க்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினோரு பேரைப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஆட்களைப் போட்டுக்கொள்ளும். சனிக்கிழமை அதுவே இரண்டு அணிகளையும் மோதவிட்டு யார் ஜெயித்தது என்று சொல்லும். எனக்குக் கிடைத்த அணி பட்டியலில் கடைசியில் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மதியம் முதலாளி சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். கடையை அடைத்துவிட்டு நான் பக்கத்துத் தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அதை நடத்திய அம்மா என்னை அண்ணே என்று கூப்பிடுவார். முதல் சனிக்கிழமை மேட்ச் பார்ப்பதற்காகச் சாப்பிடாமலே போய் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூறு நிமிஷம் ஆடுவார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று எண்ணம். திரையில் எதுவும் அசையவில்லை. நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, ஒரே பக்கத்த ரொம்ப நேரமா பாக்குறீங்க. ஏதாவது ஸ்ட்ரக் ஆயிடுச்சா?" என்று அந்த அம்மா எழுந்து வந்தார்.

"மேட்ச் நடக்குதும்மா."

அவர் மவுஸைப் பிடித்துக் கொஞ்சம் கீழே தள்ளினார். மேட்ச் எப்போதோ முடிந்திருந்தது. நாங்கள் நாலு கோலில் தோற்றிருந்தோம்.

ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் புதுச்சத்திரம் வருவதற்குள் மனசிலேயே இரண்டு மூன்று விதமாக அணியை அடுக்கிப் பார்த்துவிடுவேன். வீட்டிலும் பேச்சு அதுதான். என் கோல்கீப்பருக்கு முப்பத்தாறு வயது. மார்க்கும் குறைவு. வாலிபப் பையன் ஒருத்தன் வெளியே உட்கார்ந்திருந்தான். இருந்தும் பெரியவரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"அவரு என்னா உங்களுக்கு சித்தப்பாவா? வூட்டுக்கு அனுப்புங்க, பேரப் புள்ளையாவது பாத்துக்கட்டும்" என்பாள் மனைவி.

நாலாவது வாரம் லீக்கை நடத்துகிறவரிடமிருந்து செய்தி வந்தது. நாங்கள் அவரைத் தலைவர் என்போம். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும், எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் மேனேஜர் ஒரு பேட்டி எழுத வேண்டுமாம், நாலு வரியாவது. தொடர்ந்து நாலு வாரம் எழுதாவிட்டால் அணி வேறொருவருக்குப் போய்விடுமாம். நான் ஏற்கனவே மூன்று வாரம் எழுதவில்லை.

மச்சானிடம் கேட்டேன். "அத மொதல்லயே சொன்னா நீங்க வர மாட்டீங்க மாமா" என்றான்.

எழுதித்தான் ஆக வேண்டும், அதுவும் இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷில் முழுசாக எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று, லீவ் லெட்டர். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்குமே, அது. ஜுரம் இருந்த இடத்தில் மேட்சைப் போட்டேன். மதிப்பிற்குரிய ஐயா, சனிக்கிழமை என் அணி தங்கள் அணியோடு ஆட இருப்பதால், தாங்கள் தயவுசெய்து நன்றாக ஆடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், நன்றி ஐயா, தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று முடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகும் அதை இன்னும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பேட்டிக்குக் கீழே ஏழு பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஏழும் லீவ் லெட்டர். ஒருவர், என் முன்வரிசை ஆட்டக்காரனுக்குக் கால் வலி என்பதால் அவனை மெதுவாகத் துரத்துமாறு வேண்டுகிறேன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், மழை வரும் போலிருப்பதால் மைதானத்துக்கு விடுமுறை தேவை என்றார். அந்த வாரம் என்னோடு மோத இருந்தவர், என் அணிக்குப் பசி அதிகமாக இருப்பதால் தயவுசெய்து ஐந்து கோல் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை முகங்களை வரிசையாக வைத்திருந்தார்.

முகமெல்லாம் சூடாகிவிட்டது. அதே பக்கத்தில் கொஞ்சம் தள்ளி மச்சானும் தன் அணிக்கான பேட்டியைப் போட்டிருந்தான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைத் தெரியும் என்றுகூடக் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பிரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. மதியம் கடைக்குள்ளேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தாலும் அடுக்கிப் பார்க்க ஒன்றும் இல்லை. வயல் வந்தது, உப்பனாறு வந்தது, வீடு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கோட்டுக்கு வெளியே நின்ற அதே இடத்துக்கு இந்த வயதில் திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றியது. அப்போது யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. இப்போது உள்ளே போய்விட்டு நானே வெளியே வந்திருந்தேன். இதுதான் அதிகமாக வலித்தது.

"என்னாங்க, உங்க ஆளுங்க எப்படி இருக்காங்க? பேச்சே காணோம்" என்றாள் மனைவி ஒருநாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மச்சான் போன் செய்தான். "மாமா, தலைவர் நோட்டீஸ் போட்டுட்டாரு. மூணு வாரமா உங்க பேட்டி இல்ல. வர்ற வெள்ளிக்கிழம சாயங்காலத்துக்குள்ள எழுதலன்னா டீம இன்னொருத்தருக்குக் குடுத்துடுவாங்க."

"குடுத்துட்டுப் போகட்டும் மச்சான்" என்றேன். சொன்ன எனக்கே அது பிடிக்கவில்லை.

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏன்டா, உன் மாமாவ கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போயி நடுவுல உக்கார வச்சிட்டு, நீ பாட்டுக்கு யாரோ மாதிரி தள்ளி நின்னியாமே? அவருக்குப் பேச வராதுன்னு உனக்குத் தெரியாது?"

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. "இவர மாமான்னு சொல்ல வெக்கமா உனக்கு? உன் கல்யாணத்துக்கு சட்டையத் தேச்சுக் குடுத்தது இவருதானடா?" என்று இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள்.

"மாமா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "ஒருத்தன் கேலிதான் பண்ணான். பொய் சொல்ல மாட்டேன். மத்தவங்க அப்படி இல்ல மாமா. அவுங்களுக்குப் புடிச்சிருந்துச்சு, அதான் அதே மாதிரி எழுதிப் பாத்தாங்க. நான்தான் சும்மா இருந்துட்டேன்."

எது கேலி, எது பிரியம் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். பிடிபடவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. எப்படிப்பட்ட கடிதமாக இருந்தாலும் அவை எனக்கு எழுதப்பட்டவை. நான் வாய் திறந்து பேசாதவனே தவிர, வந்த கடிதத்துக்குப் பதில் போடாதவன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்டு எல்லோருக்கும் அனுப்புகிற வாழ்த்து அட்டைக்குக்கூட நான் பதில் போடுவேன். ஏழு பேருடைய கடிதம் பதிலில்லாமல் கிடக்கிறது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். கரண்ட் இல்லை.

"ரெண்டு மணிக்குத்தான் வரும் அண்ணே. பேட்டரியில ஒரு சிஸ்டம் ஓடுது, அந்தத் தம்பி எழுந்தா உக்காருங்க" என்றார் அந்த அம்மா. அந்தத் தம்பி எழுந்திருக்கவில்லை. கரண்ட்டும் இரண்டு மணியைத் தாண்டித்தான் வந்தது. எனக்கு இரண்டு விரலில்தான் டைப் அடிக்க வரும். மூன்று மணிக்கு முதலாளி வந்துவிடுவார்.

மேலிருந்து ஒவ்வொருவராக எடுத்தேன். கால் வலிக்காரருக்கு, தங்கள் ஆட்டக்காரர் இப்போது நலமா என்று கேட்டு எழுதினேன். மழைக்காரருக்கு, எங்கள் ஊரில் ஐப்பசியில்தான் மழை, அதுவரை மைதானத்துக்கு விடுமுறை இல்லை என்று எழுதினேன். ஐந்து கோல் கேட்டவரின் முறை வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. அந்த மேட்சின் முடிவைத் தேடிப் பார்த்தேன். மூன்று கோல்தான் விழுந்திருந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, ஐந்து கேட்டிருந்தீர்கள், எங்களிடம் மூன்றுதான் இருப்பு இருந்தது, குறைவுக்கு வருந்துகிறேன் என்று எழுதினேன். கடையில் வாடிக்கையாளரிடம் சொல்லுவதைத்தான் எழுதினேன். ஆனால் எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் பேட்டி. எனக்கு அதிகம் பேச வராது, தாமதத்துக்கு மன்னிக்கவும், இந்த அணியை எனக்குப் பிடித்திருக்கிறது, என்னிடமே இருக்கட்டும் என்று நாலு வரி. அனுப்பிவிட்டு ஓடினேன். முதலாளிக்கு ஒரு நிமிஷம் முன்னால் ஷட்டரைத் தூக்கிவிட்டேன்.

சாயங்காலம் பஸ் பரங்கிப்பேட்டைப் பிரிவு ரோட்டைத் தாண்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. பதினோரு பேரைப் போட்டு அனுப்பவே இல்லை.

சனிக்கிழமை மதியம் போய் உட்கார்ந்ததும் முதலில் தலைவரின் செய்தியைத் திறந்தேன். அணி உங்களிடமே இருக்கும் என்று ஒரு வரி. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். பொதுப் பக்கத்தில் என் பதில்களுக்குக் கீழே மச்சான் எழுதியிருந்தான். இவர் என் அக்கா வீட்டுக்காரர், என்னை விட நன்றாகக் கால்பந்து தெரிந்தவர், நான் அறிமுகம் செய்திருக்க வேண்டும். அதற்குக் கீழே ஐந்து கோல்காரர், மூன்றே போதும் ஐயா, வயிறு நிறைந்துவிட்டது என்று போட்டிருந்தார். இந்த முறை பொம்மை முகம் ஒன்றுதான். அது கேலியா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

பிறகுதான் மேட்ச் முடிவைப் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று. நாங்கள் ஜெயித்திருந்தோம், முதல் தடவையாக. நான் இல்லாத வாரங்களிலும் கம்ப்யூட்டர்தான் ஆட்களைப் போட்டிருந்தது, எல்லாவற்றிலும் தோல்வி. இந்த வாரம் அதே கம்ப்யூட்டர், யார் யாரையோ போட்டு ஜெயித்துக் கொடுத்திருக்கிறது.

வீட்டில் சொன்னதும் மனைவி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க இல்லாமலே ஜெயிச்சிட்டாங்களா?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை பொதுப் பக்கம் நிறைய வாழ்த்துகள் வந்திருந்தன. என்ன தந்திரம் செய்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அடுத்த மேட்சுக்கான பேட்டியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கடிதங்களுக்குப் பதில் எழுதியதில் நேரம் போய்விட்டது, அணியைப் போட்டது நான் இல்லை, கம்ப்யூட்டர்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில் மச்சான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஏன் மாமா, சொல்லாம இருந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப்போவுது?"

அவன் சொன்னது சரிதான். ஆனால் பேட்டிக்கு நாலு வரி வேண்டும், அந்த வாரம் எழுதுவதற்கு என்னிடம் வேறு விஷயமே இருக்கவில்லை.