நான் போகாத எல்லையில் விழுந்த முத்திரை

மலேசியாவில் நான்கு மாதம் கள்ளனைப் போல ஒளிந்திருந்தேன். நான் எதையும் திருடவில்லை.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் பாதித் தெரு வெளிநாட்டுக்குக் கிளம்பியது. நம் சபையிலேயே ஏஜெண்ட் இருந்தார். தானியேல் அண்ணன். முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணீரோடு ஜெபிக்கிறவர். அவரை நம்பாமல் யாரை நம்புவது? "போறப்ப சுத்திப் பாக்குற விசா. அங்க போனதும் வேல பெர்மிட்டா மாத்திருவோம் தம்பி" என்றார். போனேன்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. பெர்மிட் வரவில்லை. விசாவில் முப்பது நாள்தான் இருந்தது. அது முடிகிறபோது அங்கேயே இருந்த தானியேல் அண்ணனின் மச்சான் வருவார். எங்கள் பாஸ்போர்ட்டுகளை ஒரு பையில் வாங்கிக்கொண்டு போவார். எல்லையைத் தாண்டித் திரும்பி வந்ததாகப் புது முத்திரை வாங்கி வருவார். இன்னும் முப்பது நாள் கிடைக்கும். இப்படி ஐந்து தடவை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் தெருவில் அடங்கல் வாங்க எல்லாரும் போவதில்லை. இந்த நிலத்தில் இன்ன பயிர் என்று எழுதித் தருகிற தாள் அது. ஒருவர் எல்லாருக்குமாக ஆபீசுக்குப் போவார். முத்திரையோடு வருவார். பாஸ்போர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஆள் போகாமல் எல்லையில் முத்திரை விழாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர் சொல்லாமல் இருந்தார். அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

பக்கத்துத் தோட்டத்தில் சோதனை வந்தது. நம் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். முத்திரை போலி என்று ஜெயிலில் போட்டார்கள். பிரம்படியும் உண்டு என்றார்கள். மறுநாள் மச்சான் எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனவர்தான். வரவே இல்லை. தானியேல் அண்ணனுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை.

அதன்பிறகு ஜீப் சத்தம் கேட்டால் வாய்க்காலில் இறங்கிப் படுப்பேன். அட்டை ஏறும். அசைய மாட்டேன். "கர்த்தாவே, என்னை ஒளித்து வையும்" என்பேன். ஒவ்வொரு தடவையும் தப்பினேன். ஆனால் ஊருக்குப் போக வழி பிறக்கவில்லை. விமான நிலையத்தில் அந்த முத்திரையைக் காட்டினால் அங்கேயே பிடிப்பார்கள். உயிரோடு ஊர் பார்ப்பேன் என்ற நம்பிக்கை போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி எஸ்தரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏங்க, ஒளிச்சு வையும் ஒளிச்சு வையும்னே ஜெபம் பண்ணுனா அவரு ஒளிச்சுத்தான் வைப்பாரு. நீங்க கேட்டதத்தான குடுக்குறாரு?"

"வேற என்னத்தக் கேக்க?"

"வெளிய கொண்டாரச் சொல்லிக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே விசா ஆபீசுக்குப் போயி நில்லுங்க. நீங்க என்ன களவாண்டீங்க?"

அன்றைக்கு அப்படியே முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, என்னை வெளியே கொண்டுவாரும். ஜெயில் வழியாக என்றாலும் சரி." அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் காலை பஸ் ஏறினேன். கூட இருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள்.

இமிகிரேஷன் என்கிற குடிநுழைவு அலுவலகத்தில் தமிழ் பேசும் ஒரு அம்மா அதிகாரி இருந்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"எல்லைய தாண்டிப் போனீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப பாஸ்போர்ட்டுக்குக் கால் மொளச்சு அதுவா போய்ட்டு வந்துச்சா?"

மச்சான் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். நான் போகவில்லை, அவர்தான் கொண்டுபோனார் என்று எப்படி நிரூபிப்பது? அப்போதுதான் பையில் இருந்த வேதாகமத்துக்குள் வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஞாபகம் வந்தது. குலை வெட்டும்போது அரிவாள் நழுவி உள்ளங்கையில் ஏழு தையல் போட்ட சீட்டு. அன்றைக்கு ஏன் இப்படிச் செய்தீர் என்று கர்த்தரிடமே கோபித்துக்கொண்டேன். சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதில் இருந்த தேதியைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். சீட்டிலும் முத்திரையிலும் ஒரே தேதி.

"ஒரே நாள்ல ரெண்டு எடத்துல இருக்க முடியாதுல்ல. வேற யாரோ குத்தியிருக்கான். இங்கயே ஒக்காருங்க" என்று உள்ளே போனார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வாக்குமூலம் வாங்கினார்கள். என்னைக் கோர்ட்டுக்கு அனுப்பவில்லை. நாள் மீறித் தங்கியதற்கு அபராதம் போட்டார்கள். ஒரு வாரத்தில் நாட்டை விட்டுப் போகச் சொல்லித் தாள் கொடுத்தார்கள். எஸ்தர் கறவை மாட்டை விற்றுப் பணம் அனுப்பினாள். வந்து சேர்ந்தேன்.

நான் கேட்கும் முன்னே என் கையில் பதிலை எழுதி வைத்திருந்தார் கர்த்தர். அவருக்கே மகிமை.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. ஊருக்கு வந்ததும் போலீசில் புகார் கொடுத்தேன். தானியேல் அண்ணன் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார்.

"கர்த்தர் ஒன்னப் பத்திரமா கொண்டாந்து சேத்துட்டாரே தம்பி, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு. கம்ப்ளைண்ட்ட வாபஸ் வாங்கிரு. விசுவாசி மேல விசுவாசி கேசு போடலாமா?"

எஸ்தர் கதவோரம் நின்றாள். "விசுவாசிக்கு விசுவாசி கள்ள முத்திரை குத்தலாமாண்ணே?" என்றாள். கூடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

சபையில் சிலர் என்னிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசினார்கள். மன்னித்துவிட்டேன். அவர் வீட்டுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. புகாரை வாபஸ் வாங்க மாட்டேன். என்னைக் கொண்டுவந்தது கர்த்தர். அங்கே தள்ளியது தானியேல் அண்ணன். இரண்டையும் ஒரே ஸ்தோத்திரத்தில் சேர்த்துக் கட்டச் சொல்லாதீர்கள்.

இதை வாசிக்கிறவர்களில் பலருடைய புருஷனும் பிள்ளையும் இன்னும் அந்தத் தோட்டங்களில் இருக்கிறார்கள். இன்றைக்கே போன் போடுங்கள். வாய்க்காலை விட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி போய்ச் சொல்லட்டும். எல்லாருக்கும் என்னைப் போலவே முடியும் என்று நான் சொல்லவில்லை. கர்த்தர் கூட நிற்பார், அதைச் சொல்வேன். பெயரைக் கொடுங்கள், நானும் எஸ்தரும் ஜெபிக்கிறோம். ஒளித்து வையும் என்று மட்டும் ஜெபிக்க மாட்டோம்.