கட்டைவிரலைக் கட்டாதீர்கள்

கல்லில் தோசையைத் திருப்பக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் என் நாஷ்டாக் கடை. ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் தட்டோடு நின்றிருந்தார்கள். என் கையில் கருகிய முதல் தோசை அதுதான்.

டிஸ்க் (முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். டாக்டரம்மா சொன்னார்: "மூணு மாசம் படுக்கணும். அதுக்குள்ள யாரும் தூக்காம எழுந்து உக்காந்தா பாக்கலாம். இல்லன்னா கடைய மறந்துடுங்க."

மாத்திரையோடு யோகாவும் செய்யச் சொன்னார். சொல்லிக்கொடுக்க சுகந்தி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். எனக்கு வாய்த்தது சவாசனம். பிணம் மாதிரி அசையாமல் கிடந்து நூறு மூச்சு எண்ண வேண்டும்.

"இந்த ஒடம்பு நீங்க இல்லம்மா. வலிய உள்ளேருந்து ஒண்ணு பாத்துகினு கீது. அதான் நீங்க."

"அப்போ வலிக்கிறது யாருக்கு? மாத்திரைய அவகிட்ட குடு."

பாதம் வெளியே சாய்ந்தால் வலி உயிர் போகும். "துணியால சேத்துக் கட்டிக்கோங்க, தலைமாட்ல ஒரு வெளக்கு இருந்தா மனசு அடங்கும்" என்று சொல்லிப் போனாள். மறுநாள் மருமகள் விளக்கேற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். எனக்குக் குனிந்து கட்ட முடியாது. வேட்டித் துணியைக் கிழித்து வளையமாக முடிந்து, படுத்தபடியே கால் நுழைத்தேன். கட்டைவிரல் இரண்டும்தான் நுழைந்தன. தலை தெற்கே இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

நாற்பதாவது மூச்சில் பக்கத்து வீட்டு மேரி உறைமோர் கேட்டு வந்தாள்.

"எக்கோவ்! என்ன வுட்டுட்டுப் பூட்டியே!"

தெருவே கூடிவிட்டது. நூறு முடியாமல் எழக்கூடாது என்பது டீச்சர் கட்டளை. அதோடு, என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவும் ஆசை. மறைப்பானேன்.

"பசின்னு வந்தவன வெறும் வயித்தோட அனுப்புனதில்லியே!"

நெஞ்சு குளிர்ந்தது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. உடம்பு ஒரு பக்கம் கிடக்கிறது, வலி ஒரு பக்கம் கிடக்கிறது, கேட்கிற ஒன்று இரண்டிலும் ஒட்டாமல் சும்மா இருக்கிறது. டீச்சர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மேரி மூக்கைச் சிந்தினாள். "மனசு தங்கம். சட்னிதான் எப்பவும் தண்ணியா இக்கும்."

"எவடி அவ?"

விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். கூட்டம் வாசலுக்கு ஓடியது. மேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எக்கா, இக்கிறியா, பூட்டியா?"

"இன்னாடி பாக்குற? மொதல்ல வெரல அவுத்து வுடு."

அவிழ்க்கும்போதுதான் உறைத்தது. என்னை யாரும் தூக்கவில்லை.

டாக்டரம்மா கதையைக் கேட்டுச் சிரித்து முடித்து, தினம் அரை மணி நிற்கலாம் என்றார்.

என்னைப் போல் இடுப்பு போனவர்களுக்குச் சொல்கிறேன்: சவாசனம் நல்லது. கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கேட்கிற அந்த ஒன்று இப்போதும் நாலைந்து மூச்சு வந்து இருந்துவிட்டுப் போகிறது. முன்பு ஷிப்டு சங்குக்கு ஓடிய கை, இப்போது இடுப்பைக் கேட்டுத்தான் தோசையைத் திருப்புகிறது. அரை மணியில் பத்துத் தோசை. போதும்.

மேரிக்கு மட்டும் கரண்டி நட்டால் நிற்கிற சட்னி. தண்ணீர் கேட்டாலும் ஊற்றுவதில்லை.