மண்டபத்தில் என் மனைவி படித்த கதை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. சத்தி ரோட்டில் அன்னூர் தாண்டி உள்ளே பிரிந்து போனால் ஒரு சிற்றூர் வரும். என் அம்மா பிறந்த ஊர். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் இலக்கியத் திருவிழா. எழுத்தின் மேல் இருந்த ஆசையால் நான் போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். மனைவிக்கு டிரைவராகப் போனேன்.

நான் கணபதி என்கிற பகுதியில் இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருப்பவன். அளந்து பார்க்க முடியாத எதன் மீதும் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. என் மனைவி நேரெதிர். கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்க ஆரம்பித்து, மத்தியானத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கதை எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாள். "என்ன அம்மணி, இன்னைக்கு யாரைச் சாகடிச்சே?" என்று கேட்டுவிட்டு நான் டி.வி. பக்கம் போய்விடுவேன். ஒருமுறையாவது நான் படிக்கட்டும் என்று எழுதியதை மேஜை மேலேயே விட்டு வைப்பாள். நான் அதன் மேல் டீ டம்ளரை வைப்பேன். அதற்கும் அவள் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த விழாவில், புதிதாக எழுதுகிறவர்கள் மேடையேறித் தங்கள் கதையைப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவள் அனுப்பிய கதையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "மேடையில அஞ்சு பேரு இருப்பாங்க, கீழ நாலு பேரு இருப்பாங்க" என்று வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வண்டி ஓட்டினேன்.

மண்டப வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் நேரில் வந்து கூப்பிடாத விசேஷத்துக்கு யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். அந்த ஊர் வாசகர் வட்டத்துக்காரர்கள், அதாவது இரண்டு வாத்தியார்களும் ஒரு உரக்கடைக்காரரும் பால் சொசைட்டிச் செயலாளரும், தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறார்கள். அழைத்த மரியாதைக்கு ஊரே குளித்து, நல்ல துணி உடுத்தி, கல்யாணத்துக்கு வருவதுபோல வந்துவிட்டது. காலைப் பந்தியில் இட்லி, பொங்கல், கேசரி. இலக்கியத்துக்கு இலை போட்டுச் சோறு போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஊர் வந்தால் என் சொந்தமும் வந்துதானே ஆக வேண்டும். முன்வரிசையில் என் தாய்மாமா, அத்தை, மாமா பையன்கள் என்று ஒரு படையே உட்கார்ந்திருந்தது. தறி வைத்திருக்கும் மச்சான் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"வாங்க மாப்ள. தங்கச்சி கதை படிக்குதுன்னு நோட்டீஸ்ல பாத்தமுங்க. சோலியெல்லாம் போட்டுப்போட்டு வந்துட்டம்."

எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. ஆனால் என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பந்தி ஹாலின் கோடிக்குக் கூட்டிப் போய் மூன்று தாள்களைக் கையில் கொடுத்தாள்.

"இதை இப்பவாச்சும் படிச்சுப்போடுங்க. உங்க சொந்தமெல்லாம் வந்து உக்காந்திருப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க. வேண்டாம்னா சொல்லுங்க, மயில் கதை ஒண்ணு கையில இருக்குது. அதைப் படிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டாள். சாம்பார் வாளிகளுக்கு நடுவில் நின்று, கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் எழுதியதைப் படித்தேன்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஐந்து மாதம் ஆர்டரே வரவில்லை. இருந்த இரண்டு ஆட்களையும் வேறு இடத்தில் சேர்த்துவிட்டேன். தொழில் படுத்துவிட்டது என்று வெளியே சொல்வதற்கு எங்கள் சனத்துக்கு நாக்கு வராது. எனக்கும் வரவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் எட்டரை மணிக்கு டிபன் கேரியரோடு கிளம்புவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஓடாத மிஷினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் ஆறரைக்குக் களைப்பான முகத்தோடு வீட்டுக்கு வருவேன். மச்சான் வீட்டுக் காதுகுத்தில், வருகிற ஆர்டரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதாக வேறு அளந்துவிட்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கதை அந்த ஐந்து மாதம்தான்.

லேத் ஓட்டுகிறவனின் சட்டையை நனைப்பதற்கு முன் பையை உதற வேண்டும். இரும்புச் சுருள் விழும். கதையில் வருகிற மனைவி ஒரு நாள் உதறுகிறாள், ஒன்றும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. சட்டையில் எண்ணெய் வாடை இல்லை, வேர்வை வாடைதான் இருக்கிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்களும் அதே கல்லில்தான் துவைக்கிறார்கள், பார்த்தால் விஷயம் வெளியே போய்விடும். அதனால் அந்தச் சுத்தமான சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்து, எண்ணெய்க் கறைக்குப் போடுகிற பார் சோப்பைப் போட்டு, தினமும் அடித்துத் துவைக்கிறாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேரியரில் மட்டும் ஒரு பொரியல் கூடுதலாக வைக்கிறாள். கடைசியில் ஒரு சாயங்காலம் சட்டையில் எண்ணெய்க் கறை வருகிறது. அன்று அவள் அதை நனைக்காமல், ஒரு நாள் முழுக்கக் கொடியிலேயே போட்டு வைக்கிறாள்.

படித்ததும் முதலில் வந்தது கோபம்தான். என் வண்டவாளம் மாமன் மச்சான் முன்னால் மைக்கில் ஏறப்போகிறதே என்று காது சூடாகிவிட்டது. அடுத்து அந்தப் பொரியல் ஞாபகம் வந்தது. நான் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். பாவம், ஒன்றும் தெரியாமல் ஆக்கிப் போடுகிறாளே என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். கை கழுவுகிற குழாயில் முகத்தைக் கழுவினேன். அழுதேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன்.

"ரெண்டுல எது நல்ல கதை?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இதுதானுங்க" என்றாள்.

"அப்ப இதையே படி அம்மணி."

முதல் பத்தியில் குரல் நடுங்கியது. பிறகு நிதானத்துக்கு வந்துவிட்டாள். மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும்தான். சட்டையை உதறுகிற இடத்தில் என் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல் முந்நூறு பேரை அசையாமல் உட்காரவைத்திருந்தது.

முடிந்ததும் கேள்வி நேரம். பின்னால் இருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்தது. "அக்கா, இது நெசமா நடந்ததுங்களா? அந்த மனுசனுக்கு இன்னமும் தெரியாதுங்களா?"

என் மனைவி முன்வரிசையை ஒருமுறை பார்த்தாள். "கதைதானுங்க... எல்லாம் கற்பனைதான்..." என்று இழுத்தாள். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மறுபடியும் எனக்காக அதே வாளி, அதே சோப்பு. உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து நின்று சொன்னேன். "இல்லீங்க, நடந்ததுதான். அந்தச் சட்டைக்காரன் நான்தானுங்க. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியுமுங்க."

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது, அது அப்படியே கைதட்டலாக மாறியது. மேடையில் அவள் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் கையைப் பிடித்து என்னை உட்காரவைத்தார். பிறகு காதோரம் குனிந்து, "அந்தக் காதுகுத்தப்ப எங்கூட்டுத் தறியும் நின்னுதான் கெடந்துச்சுங்க மாப்ள" என்றார்.

மத்தியானப் பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்த ஒரு பெரியவரிடம், "கதை படிச்ச அம்மணியோட ஊட்டுக்காரருங்க" என்று சொல்லி என்னை அறிமுகம் செய்தார் உரக்கடைக்காரர். அதுவரை எந்த விசேஷத்திலும் அவளைத்தான் பட்டறைக்காரர் வீட்டம்மா என்பார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

என் தோல்வியை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டதாக அத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்த பிறகும் என் மேல் துளி மரியாதை குறையாத ஒருத்தியோடு அவ்வளவு காலமும் குடித்தனம் செய்திருக்கிறேன் என்பதுதான், இன்றுவரை எனக்கு இருக்கிற ஆகப்பெரிய பெருமை.