முழங்காலில் இருந்த மனசு

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இருபது வருஷம் நான் பிள்ளைகளுக்குச் சொன்னது இதுதான்: உடம்பு வெறும் வாடகை வீடு, குடியிருக்கிற ஆன்மாதான் நீ. எந்தப் பிள்ளையும் மறுத்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

போன வருஷம் என் வலது முட்டியை மாற்றினார்கள். இனிமேல் மண்டியிடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அதனால் என்ன, நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தால் போயிற்று என்று தைரியமாகத்தான் இருந்தேன். முகப்பேர் ஃபிளாட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு நானும் கணவரும் மண்டியிட்டு ஜெபமாலை சொல்வது பல வருஷப் பழக்கம். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதி அவர், மறுபாதி நான். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தரையில், நான் நாற்காலியில். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்று பார்க்கப் போய்விடும். ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு நாள்கூட ஜெபித்ததாகத் தோன்றவில்லை. பயந்துபோனேன். முட்டியோடு சேர்த்து இதையும் எடுத்துவிட்டார்களா?

பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வரும் மண்ணூர்பேட்டைப் பெண்ணிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் என் காலை விடாமலே சிரித்தாள்.

"இன்னா ஆன்ட்டி, மனசு முட்டிக்குள்ளயா கீது?"

இல்லை என்றுதான் இருபது வருஷம் பாடம் நடத்தியிருந்தேன். இப்போது ஆமாம் என்று தலையாட்டினேன்.

படுத்தபடி குதிகாலை இழுத்து முட்டியை மடக்கி நீட்ட வேண்டும், பத்துப் பத்தாக ஐந்து தடவை என்றாள். வலியில் எனக்கு எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் தலையணைக்கு அடியிலிருந்த ஜெபமாலையை எடுத்து, ஒரு மடக்குக்கு ஒரு மணி என்று உருட்டினேன். அதிலும் பத்துப் பத்தாக ஐந்துதானே. மூன்றாவது பத்தில் உதடு தானாக ஜெபத்தைத் தொடங்கிவிட்டது. வலித்தது, வேர்த்தது, சிலிண்டர் ஞாபகமே வரவில்லை. முடித்ததும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அந்தப் பெண் பதறிப்போய் ஐஸ் எடுக்க ஓடினாள்.

இப்போது ஏழு மணிக்கு அவர் மண்டியிடுகிறார். நான் பக்கத்துக் கட்டிலில் காலை மடக்குகிறேன். மனிதர் மகா அவசரக்காரர். முன்பெல்லாம் என் பாதி முடிவதற்குள் அடுத்ததை ஆரம்பித்து, தினமும் என்னிடம் முறைப்பு வாங்குவார். இப்போது காத்திருக்கிறார். திரும்பிப் பார்ப்பதில்லை. என் குதிகால் விரிப்பில் உரசிக்கொண்டு போய் நிற்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடங்குகிறார்.