ஹரிஹரன் சாருக்கு நான் வைத்த ஃப்ளெக்ஸ்

ஹரிஹரன் சார் போய்விட்டார் என்று அவருடைய பழைய டிரைவர் ஃபோனில் சொன்னபோது, என் ஷெட்டில் பிளாஸ்டிக் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். வெட்டும் மெஷினை நிறுத்தச் சொன்னேன். அடுத்து நான் செய்தது ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு ஃபோன் போட்டது. இந்த ஊரில் வியாபாரி அப்படித்தான் துக்கம் காட்டுவான். சாரை எடுப்பதற்கு முன்பே கரமனையில் அவர் தெருமுனையில் பேனர் நின்றுவிட்டது. மேலே அவர் படம். கீழே என் படம், என் கடைப் பெயர். கடைப் பெயர் அவர் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கழிவு பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போட ஆரம்பித்தபோது, அதை நறுக்கிக் கொடுத்தவன் நான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் சாலைப் பொறியாளரான அவர். முதல் லோடு போனதுமே ஒரு வாளி தண்ணீர் கேட்டார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டார். பால் கவர்த் துண்டுகள் மிதந்தன. தேர்தல் முடிந்ததும் நான் மலிவாக வாங்கிச் சேர்த்திருந்த ஃப்ளெக்ஸ் துண்டுகள் அடியில் போய்க் கிடந்தன. அது பி.வி.சி. சூடு பட்டால் விஷப்புகை.

"சாரே, கொஞ்சந்தானே கிடக்கு. தாருக்குள்ள போனா யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"முன்னால நின்னு கிளறறவன் மூச்சுக்குத் தெரியும் ஓய். மிதக்கறது ரோட்டுக்கு, முங்கறது உமக்கு. எடுத்துண்டு போம்."

லாரியோடு திரும்பினேன். அதன் பிறகு என் ஷெட்டிலேயே ஒரு வாளி வைத்துக்கொண்டேன். அந்த வாளியால்தான் என் சரக்குக்குப் பெயர் வந்தது.

மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். சாருடைய மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுபவர், அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"முனையில வச்சிருக்கேளே மாணிக்கம், படம் நன்னாத்தான் இருக்கு. ஆனா அவர் இருந்தா என்ன பண்ணுவார் தெரியுமோ? ஒரு ஓரத்தைக் கிழிச்சுண்டு வந்து வாளியில போட்டிருப்பார்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"முங்கும், மாமி."

"முங்கும்னு தெரிஞ்சுண்டேதான் வச்சேளா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எழுந்து நேராகத் தெருமுனைக்குப் போனேன். ஆளைக் கூப்பிடாமல் நானே ஏணி வைத்து பேனரை அவிழ்த்து இறக்கினேன். எதிர்க் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, துக்கம் அதுக்குள்ள கழிஞ்சாச்சோ?"

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. இந்த ஊரில் ஃப்ளெக்ஸ் எங்கே போய்ச் சேரும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அந்த மனிதருடைய முகத்தையே அதில் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

கல்லாறு பக்கம் நாங்கள் போட்ட சாலையை, ஒரு மழைக்காலம் முடிந்ததும் பார்க்க சார் ஒருமுறை என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போனார். "சரக்கைக் குடுத்தா போறுமா? என்னாச்சுன்னு பாக்க வேண்டாமா?" என்பார். சாலை நடுவில் ஒரு குழிகூட இல்லை. ஓரத்தில் மட்டும் ஓரிடம் இடிந்து கிடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள், "பிளாஸ்டிக் ரோடில்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம். பழி என் சரக்கின் மேல் விழுந்தால் பிழைப்பு போய்விடும். சார் பேசாமல் இருந்திருந்தால் அங்கே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பிளாஸ்டிக் ஒண்ணும் பண்ணல்லை. தண்ணி போக வழி விடாம விட்டது நான். தப்பு என்னோடது."

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அன்று டீக்கடையில் அவர் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையைத்தான். கரமனையில் அந்த பேனரைப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதை வைத்தவன் நான். தப்பு என்னுடையது.