நவூருத் தீவில் அப்பா வைத்த பம்பு

எங்கள் தேவாலயப் பங்குத் திருவிழாவில் அந்த வருடம் புதிதாக ஒன்றை நுழைத்திருந்தார்கள். கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் டவுன்ஷிப்பின் ப்ளாக் வாரியாக அன்பியம் என்று பிரிந்திருக்கும். ஒவ்வொரு அன்பியமும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தில் ஸ்டால் போட வேண்டும். ஒருவர் மேடையேறி அந்த நாட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், அதற்குப் பரிசும் உண்டு. எந்த நாடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பக்கத்து ப்ளாக்குக்கு இத்தாலி. அதற்கடுத்தவர்களுக்குப் பிரேசில். எங்களுக்காகச் சீட்டு எடுத்த அம்மாவின் கையில் நவூரு.

"நவூரா? அது எந்த ஜில்லாடி?" என்று சீட்டை என்னிடம் நீட்டினாள்.

நான் பண்ருட்டியில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். பிள்ளைகளை வரைபடத்தின் முன் நிறுத்தி மிரட்டுகிறவள். அன்றைக்கு பாத்ரூமுக்குப் போகிறமாதிரி போய், போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன். "பசிபிக் கடல்ல இருக்குற குட்டித் தீவும்மா. நம்ம டவுன்ஷிப்புல பாதிகூட வராது."

சீட்டு எடுத்தவர்தான் பேசவும் வேண்டும் என்று அன்பியத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. வேறு யாரும் மாட்டிக்கொள்ளத் தயாராக இல்லை என்பதுதான் அதன் பொருள்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் அம்மாவின் பேச்சுப்போட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டே மாதம். அதன்பிறகு கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சென்னையில் ஃப்ளாட் வாங்கியிருந்த தம்பி, இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டியது என்று தானே முடிவு செய்து, ஒரு அறைக்கு அம்மாவுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் பெயிண்டும் அடித்துவிட்டான். நல்ல பிள்ளை. அதனால்தான் சிக்கல். கெட்ட பிள்ளையாக இருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பி போனை வைத்ததும் பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள், அவ்வளவுதான். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து முப்பது வருடத்துக்கு மேலாக இருந்த வீடு. பின்பக்கம் அவள் வைத்த பலாமரம் கூரைக்கு மேலே போய்விட்டது. வீடு போனாலும் அவள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று எனக்கும் இருந்தது. தம்பி மனம் நோகுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டாலுக்கு மாதிரித் தீவு செய்யும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு மைன்ஸில் பம்பு வேலை. எங்கள் சுரங்கத்துக்கு அடியில் நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே நிலக்கரி வெட்ட முடியும். நவூருவும் வெட்டித் தின்ற பூமி என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்குச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த சந்தோஷம். பறவை எச்சத்தால் உண்டானது என்று சொல்வார்கள், அந்த பாஸ்பேட்டை உரத்துக்காக வெட்டி வெட்டியே நடுத்தீவு முழுக்கக் கூரான பாறைகளாக நிற்கிறது. ஜனங்கள் கடலோரமாக ஒரு வளையத்தில் குடியிருக்கிறார்கள்.

பிளைவுட் பலகையில் நீலப் பெயிண்ட், அதன்மேல் களிமண் தீவு. சுற்றிலும் ஒரே சாலை, அரைமணி நேரத்தில் நாட்டையே சுற்றிவிடலாம். உடைந்த ஓட்டுத்துண்டுகளைச் செருகிப் பாறைகள். அதுவரை எல்லாம் சரி. மறுநாள் பள்ளிவிட்டு வந்து பார்க்கிறேன், தீவில் ரவுண்டானா முளைத்திருக்கிறது. வீடுகளுக்கு ப்ளாக் நம்பர். நடுப் பள்ளத்தில் மீன்தொட்டி மோட்டார் ஒன்று உர்ரென்று தண்ணீர் இறைக்கிறது.

"அப்பா! என்னப்பா இது?"

"அந்த நாட்டுக்குத் தலைநகரமே கெடையாதுன்னு நீதானே சொன்ன? அப்ப லெட்டர் எப்படிப் போகும்? ப்ளாக் நம்பராவது வேணும்ல."

"சரி, பம்பு எதுக்கு? அங்க குடிக்கவே தண்ணி பத்தாதுப்பா. கடல் தண்ணியில உப்பை எடுத்துட்டுக் குடிக்கிறாங்க, மழைத்தண்ணியப் புடிச்சு வச்சுக்கிறாங்க."

"பம்பு இல்லாம மைன்ஸா?" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது. மாட்டுக்குக் கொம்பு இல்லை என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு மோட்டாரைப் பிடுங்கி வீசியிருப்பேன். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கான உரையை நான் எழுதினேன். புவியியல், மக்கள், அரசு, பொருளாதாரம் என்று நான்கு தலைப்பு, நான்கு பக்கம். அம்மா அடுப்படியில் நின்றே மனப்பாடம் செய்தாள். கொடியில் இருக்கும் நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு முனை, பன்னிரண்டு குலங்களுக்காக என்பது உடனே பதிந்துவிட்டது. பாராளுமன்றத்துக்குப் பத்தொன்பது பேர், அவர்களே தங்களில் ஒருவரை ஜனாதிபதியாக்குகிறார்கள் என்றபோது சிரித்துவிட்டாள். "நம்ம அன்பியக் கூட்டத்துக்கே அதவிட ஜாஸ்தி பேரு வர்றோம்." ஆனால் பாஸ்பேட்டில் வந்த செல்வம் கரைந்துபோன கதையை ஒவ்வொரு தடவையும் அரசு என்ற தலைப்பிலேயே சொன்னாள்.

"அம்மா, அரசுல பொருளாதாரத்தைக் கலக்காத."

"எல்லா ஊர்லயும் கலந்துதான்டி கெடக்குது."

திருவிழாவுக்குத் தம்பியும் வந்திருந்தான். சாயங்காலம், மைதானத்தில் நல்ல கூட்டம். இத்தாலிக்காரர்கள் சேமியாவில் தக்காளி சாஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் தீவை நான்கு பேர் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். அப்பா ஸ்விட்சைப் போட்டார். பங்குத்தந்தை குனிந்து பார்த்தார்.

"இது என்ன, அந்த ஊர்ல ஃபவுண்டனா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பூகோள டீச்சர் வீட்டுத் தீவு! அம்மா மைக்கைக் கையில் எடுத்தாள். புவியியல் என்று ஆரம்பிப்பாள் என்று பார்த்தால்,

"அங்க பம்பே கெடையாதுங்க ஃபாதர். இது இவரோட பழக்கதோஷம். இத்தினி வருசமா பம்பு ஓடிக்கினே இருந்தாத்தான் இவருக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

மைதானமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த மைன்ஸ்காரர்கள் விசில் அடித்தார்கள். அப்பா கும்பிடு போட்டார். அந்தச் சிரிப்பில் என் நான்கு பக்கமும் அம்மாவுக்கு மறந்துபோயிற்று. எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் கண் என்னைத் தேடியது. புவியியலாவது நினைவுக்கு வரட்டும் என்று நான் விரலால் கடலையும் தீவையும் வரைந்து காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"நெறைய எழுதிக் குடுத்தா எம் பொண்ணு. எனக்கு ஒண்ணுதான் நெனப்புல நிக்குது. அந்த ஊருக்குச் சுதந்திரம் வர்றதுக்கு முன்னாடி, மண்ணு போயிடுச்சு, இனிமே இங்க எப்படிப் பொழைப்பீங்க, ஆஸ்திரேலியா பக்கத்துல வேற ஒரு தீவு குடுக்குறோம், வந்துடுங்கன்னாங்களாம். நல்ல எடம்தான், நல்ல மனசோடதான் கூப்பிட்டாங்கன்னு வைங்க. அந்த ஜனங்க, வேணாங்க, நாங்க இங்கியே இருந்துக்கிறோம்னுட்டாங்க. இன்னிக்கும் அங்கதான் இருக்குறாங்க. மீன் புடிக்கிறாங்க, வெளி ஊருக் கப்பலுங்களுக்கு அவங்க கடல்ல மீன் புடிக்க அனுமதி குடுக்குறாங்க, கோயிலுக்குப் போறாங்க." தம்பியை நோக்கிக் கை நீட்டினாள். "எம் புள்ள எனக்குப் பச்சக் கலர்ல ரூமு வச்சிருக்குறான். தங்கமான புள்ள. நானும் நவூரு ஜனங்கதாங்க. நான் வரல."

மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அவளுக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் பாதிகூட ஆகியிருக்காது.

நான் அழுதேன், வெட்கமில்லாமல், அத்தனை பேர் நடுவில். அப்பாவுக்கு இது எதுவும் முன்கூட்டித் தெரியாது. "நானும் வரல" என்று மேடையிலிருந்தே சத்தமாகச் சொன்னார், கை இன்னும் ஸ்விட்சில். முன்வரிசை மறுபடி விசில் அடித்தது.

தம்பி சிவந்த முகத்தோடு எழுந்தான். நேரே அம்மாவிடம் வந்தான்.

"இத போன்லயே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"போன்ல ஒம் மூஞ்சி தெரியாதேடா."

"லீவுக்காவது வருவியா?"

"வராம? விசா மட்டும் கேக்காத."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தன் புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

எங்களுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. தலைப்புகளைத் தொடவில்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். ஆசிரியையாக எனக்கு அதில் மறுப்பில்லை. இரண்டு மாதம் கழித்து அப்பாவும் அம்மாவும் டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே, கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்கும் தூரத்தில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றியபோது தம்பிதான் நவூருவை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்தான். அடுத்த முறை வந்தபோது கையோடு பச்சைப் பெயிண்ட் டப்பா ஒன்று கொண்டுவந்தான்.